ஏரி இரண்டும் குரக்கன் பிட்டும்

எங்கள் மோர்டன் வீட்டுப் பிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில், மூன்று பிளாஸ்டிக் குழாய்களில் சேறு இருந்தது. பல்கலைக்கழகக் குளிரறை பழுதாகிவிட்டதால் சனி ஞாயிறுக்கு மட்டும் கொண்டுவந்திருந்தேன்.

பசிபிக் கரையோர மலைகளில் உள்ள மூன்று ஏரிகளின் அடியில் குழாயை இறக்கி எடுத்த சேறு அது. ஏரியில் வருடா வருடம் மெல்லிய களி படியும். நிலம் குலுங்கினால் கரை சரிந்து தண்ணீர் கலங்கும். பிறகு பருமணல் முதலில் கீழே விழும், அதன் மேல் நுண்மணல், கடைசியில் களி. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு பிடி தோட்டத்து மண்ணைக் கலக்கி வைத்துப் பாருங்கள், அதே வரிசை தெரியும்.

கடலடியில் ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழ் நுழைகிற இடத்தில் பெரிய நடுக்கம் வந்தால் மூன்று ஏரிகளும் ஒன்றாகக் கலங்கியிருக்கும். அப்படிக் கலங்கிப் படிந்ததாக நான் கண்ட வெளிர்மணல் பட்டையோ, 'ஏரி இரண்டு' என்று எண்ணிட்ட ஒரே ஏரியில் மட்டும் இருந்தது. அப்படியானால் அந்த ஏரிக்குக் கிட்ட, காட்டுக்கு அடியில், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நிலநடுக்கப் பிளவு ஒளிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை என் பேராசிரியருக்கு அதைக் காட்டவேண்டும். மூன்று வருட ஆய்வு அந்த நாலு விரல் பட்டையை நம்பித்தான் நின்றது.

ஞாயிறு காலை அந்த ஏரியின் குழாயை எடுத்துப் பார்த்தேன். பட்டையில் பருமணல் மேலே, களி கீழே. பருமணல் மிதக்காது. ஆகவே இது ஏரியில் நடந்ததல்ல, எங்கள் குசினியில் நடந்தது.

"அம்மா, ஆர் இதைத் தொட்டது?"

"உந்தச் சேத்தை நான் ஏன் தொடப்போறன்? கொப்பரைக் கேள்."

சோபாவில் இருந்த என் அப்பா ஞானேஸ்வரன் எழும்பினார்.

"எங்கயப்பா போறியள்?"

"காருக்குத் தண்ணி பாக்க."

"நேற்றும் பாத்தனீங்களே. இருங்கோ." மூன்று குழாய்களையும் மேசையில் அடுக்கினேன். "பிரிட்ஜ் ஆடியிருந்தா மூண்டும் குழம்பியிருக்கும். ஒண்டுதான் குழம்பியிருக்கு. எண்டா, கிட்டடியில ஆரோ ஒளிச்சிருக்கினம்."

"ஒளிச்சிருக்கிற ஆள் சோபாவுக்குப் பக்கத்தில நிக்குது," என்றார் அம்மா.

அப்பா திரும்பவும் சோபாவில் அமர்ந்தார். "பிள்ளை, நான் பிட்டெண்டு நினைச்சன்."

அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அதனால் அரிசிமாப் பிட்டு நிறுத்தப்பட்டு, அம்மா குரக்கன் மாவில், அதாவது கேழ்வரகு மாவில், குழல் பிட்டு அவிக்கிறார். மண்ணிறம், இடையிடையே வெள்ளைத் தேங்காய்ப்பூ. கண்ணாடி போடாத அப்பா, அகப்பைக் காம்பால் குழாயிலிருந்த சேற்றை வெளியே தள்ளியிருக்கிறார்.

"தேங்காய்ப்பூ கூடின துண்டாப் பாத்து வெட்டினனான்."

என் பட்டை!

"கடிச்ச பிறகுமோ தெரியேல்லை?" என்றார் அம்மா.

"உன்ர பிட்டும் உப்பிடித்தானே இருக்கும்."

"ஓகோ. இனி உங்களுக்குச் சேறுதான்."

பயந்துபோய்த் திருப்பி வைத்த அவசரத்தில் துண்டைத் தலைகீழாகச் செருகியிருக்கிறார். மெல்ல வெளியே எடுத்துப் புரட்டினேன். கத்தி சரிவாக வெட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. சரிவுகள் ஒரு பக்கமாக மட்டும்தான் பொருந்தின. பருமணல் கீழே போனது, களி மேலே வந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு கடி குறைந்திருந்தது.

"உப்பு இருந்ததோ அப்பா?"

"துண்டற இல்லை, சப்பெண்டுதான் இருந்தது."

"நல்லம். கடல் ஏறி வந்து கொட்டின மணல் இல்லை."

"பாத்தியே!" என்று அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "நானும் ஆய்வுதான் செய்தனான்."

திங்கட்கிழமை பேராசிரியர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பட்டையை நெடுநேரம் பார்த்தார். அந்த ஏரியைச் சுற்றிப் பிளவைத் தேடலாம் என்று தலையசைத்தார். பிறகு குறைந்த ஓரத்தைத் தொட்டு, இங்கே மாதிரி எடுத்தது யார் என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. குறிப்புத்தாளை நீட்டினேன். அதில் எழுதியிருந்தது: எடுத்தவர், ஞானேஸ்வரன். முறை, பல்.