வீட்டிலேயே எடுத்த பிரிண்ட்

புவனேஸ்வரி கோபம் வந்தால் சண்டை போட மாட்டாள், காரியத்தை முடித்துவிடுவாள். போன தையில் அவள் வரைந்த யாளி பார்டரைப் பிரிண்ட் எடுக்க ஒரு கடையில் கொடுத்தாள். அவள் புருஷன் சிவபாலன் தறியில் பாவு நூல் ஏற்றுவதற்குள் அதே யாளி அடுத்த தெருவில் சேலையாகித் தொங்கியது. அவள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய் வைஃபை பிரிண்டர் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். இனி நெய்து முடிகிற வரைக்கும் தன் டிசைன் வாசப்படி தாண்டாது என்று முடிவு.

இன்று பட்டுக்கடை வேலாயுதம் புது பார்டரைப் பார்க்க வருகிறார். போனில் காட்டினால் பார்க்க மாட்டார். காகிதத்தில், கட்டம் கட்டமாக, சேலை மேல் வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு அது டிசைன். பிரிண்டரோ காலையிலிருந்து அசைந்து கொடுக்கவில்லை.

வைஃபை பட்டனை அழுத்திப் பிடித்தால் நீல விளக்கு மினுக்கும், அப்போது போனில் சேர்க்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. அழுத்தினாள். விளக்கையே காணோம். மறுபடி அழுத்தினாள். போன் தேடித் தேடி அலுத்துப்போனது.

"பென்டிரைவ்ல போட்டுக் குடு, கடையில ஒரு நிமிசத்துல எடுத்தாந்துடறேன்," என்றான் சிவபாலன்.

"கடைக்குப் போறதுன்னா இத எதுக்குங்க வாங்கினேன்?"

"அவரு வந்துக்கினு இருக்காரு புவனா."

"வரட்டும்."

சொல்லிவிட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிரிண்டரைக் குனிந்து உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் தன் கைவரிசை கண்ணில் பட்டது. அந்த வீட்டில் தறி முதல் மிக்சி வரை பொட்டு வைக்காமல் எதுவும் ஓடாது. வெள்ளிக்கிழமை பெட்டியைப் பிரித்த கையோடு இதற்கும் நடுநெற்றியில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தாள். விளக்கு இருந்ததே அங்கேதான். பாவம், அது சந்தனத்துக்கு அடியில் மினுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இவள்தான் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தி அதை அணைத்திருக்கிறாள்.

முந்தானையால் துடைத்தாள். பொட்டை மூடியின் ஓரத்துக்கு மாற்றினாள், வைக்காமல் விடுவாளா? பட்டனை அழுத்தினாள். நீலம் மினுக்கியது. போனில் பிரிண்டரின் பெயர் வந்தது. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைப் போட்டதும் விளக்கு நிலையாக எரிந்தது. அனுப்பினாள். கரகரவென்று காகிதம் வெளியே வந்தது, கட்டங்களுக்குள் அவளுடைய அன்னப்பட்சிகள் வரிசையாக. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலாயுதம் வந்தார். காகிதத்தைச் சேலை மேல் வைத்து, தள்ளி நின்றும் கிட்டே வந்தும் பார்த்தார். "பிரமாதமா இருக்குதும்மா. நெய்ய ஆரம்பிங்க. இத நான் எடுத்துக்கினு போறேன், கடையில காட்டணும்," என்று மடிக்கத் தொடங்கினார்.

பெரிய கடைக்காரர். அவரிடம் முடியாது என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை.

"அது இங்கியே இருக்கட்டும்ணா," என்றாள் புவனேஸ்வரி. "சேலையா வர்றப்போ எடுத்துக்கினு போங்க."

வேலாயுதம் சிவபாலனைப் பார்த்தார்.

"டிசைன் அவளுதுண்ணா," என்றான் சிவபாலன். "அவ சொன்னா சொன்னதுதான்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடித்ததைப் பிரித்து, நீவி, அவள் கையிலேயே கொடுத்தார்.