மூன்று திரைகளில் வினோதினி

மூலக்குளத்துக் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததிலிருந்து தணிகைவேல் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். "வூட்ல எல்லாரும் பொழங்கறாப்ல இருக்கணும்பா. ஆனா போட்டோ எடிட்டிங் நல்லா வரணும். அதான் முக்கியம்." வில்லியனூர் கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருப்பவருக்கு எதற்கு போட்டோ எடிட்டிங் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். மகள் வினோதினி கல்யாணத்துக்கு வைத்த பேனரில், பேனர்காரன் மாப்பிள்ளை மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை போட்டு மானத்தை வாங்கிவிட்டான். சம்பந்தி வீட்டில் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். அடுத்த மாதம் முதல் வருஷக் கல்யாண நாள். இந்த முறை பேனரை வீட்டிலேயே செய்து, அச்சடிக்க மட்டும் கொடுப்பதாக இருந்தார். ஊருக்கெல்லாம் வண்ணம் விற்கிறவன் மகள் பேனரிலேயே வண்ணம் கெட்டால் ஊர் சிரிக்காதா?

கோகிலாம்பாளுக்கு பேனரெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவளுக்கு வேண்டியது பெரிய திரை. கட்டிக்கொடுத்த கரிக்கலாம்பாக்கம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் பொங்கலுக்கு வந்த பெண் அதற்கப்புறம் அம்மா வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. கேட்டால், அவருக்கு பிளாட் வியாபாரம் மும்முரம், மாமியாருக்கு முட்டிவலி என்று ஏதாவது ஒன்று. போட்டோ மட்டும் போனில் வரும். அதையும் எப்போதும் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றே எடுத்திருப்பாள். "பெரிய சினிமாக்காரி, ஒரு சைடுதான் காட்டுவா" என்று கோகிலாம்பாள் கேலி செய்வாள். போனில் பேசினால் "நல்லாருக்கேம்மா" என்று ஒரு வார்த்தை. அதற்கடுத்து தவறாமல் "அப்பா இன்னாமா சொன்னாரு?" என்று கேட்பாள். பத்து மாசம் சுமந்தது நான், விசாரிப்பு மட்டும் அப்பனுக்கா என்று இவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமைதான். பெண்பிள்ளைகள் எல்லாமே அப்பன் பிள்ளைகள், என்ன செய்ய.

கடைக்காரன் பாக்யராஜ் கெட்டிக்காரன். ஒரே கம்ப்யூட்டரில் மூன்று திரைகளை மாட்டி, ஒரே படத்தை மூன்றிலும் காட்டினான். "கலர் எதுல கரெக்டா தெரியுதுன்னு நீங்களே பாத்துக்குங்கண்ணா." முதலில் தணிகைவேலையே ஒரு போட்டோ எடுத்து ஏற்றினான். நரைத்த மீசைக்குக் கறுப்படித்ததும் மூன்று திரைகளிலும் மூன்று மாப்பிள்ளைகள் விறைப்பாக நின்றார்கள். கோகிலாம்பாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்ய, இந்த வயசுல இது வேறயா!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தப்பாப் போனாலும் பயப்பட வாணாங்கா. கீபோர்டுல இந்த ரெண்டு கட்டையையும் சேத்து அமுக்குங்க. கடைசியா செஞ்சது போய்ட்டு, முன்னாடி இருந்தது வந்துரும்" என்று அவள் விரலைப் பிடிக்காத குறையாகக் காட்டிக்கொடுத்தான். அமுக்கினாள். மீசை நரைத்தது. வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் புருஷனை இரண்டே விரலால் கிழவனாக்கிய சந்தோஷத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நம்ம புள்ள போட்டோவப் போடுங்க" என்று அவள்தான் சொன்னாள். போன வாரம் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்ததாக வினோதினி அனுப்பிய படம். பேனருக்கும் இதைத்தான் எடுத்துவைத்திருந்தார் தணிகைவேல். பச்சைப் பட்டுப் புடவை, முழங்கை வரை மூடிய ரவிக்கை, தலை நிறைய மல்லி. வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறாள். ஒரு பாதி முகத்தில் வெளிச்சம், மறுபாதி இருட்டில். இந்த வெக்கையில் எதற்குடி இத்தனை நீள ரவிக்கை என்று படம் வந்த அன்றே கோகிலாம்பாள் திட்டியிருந்தாள்.

"பாதி மூஞ்சி இருட்டா கீதே" என்றார் தணிகைவேல்.

"இதுக்குத்தான்ணா இந்த மெஷினு. இருட்டுல இருக்கறத அப்படியே தூக்கிக் குடுக்கும் பாருங்க." பாக்யராஜ் திரையின் ஓரத்திலிருந்த ஒரு கோட்டை மவுஸால் பிடித்து மெல்ல நகர்த்தினான். நிலைப்படியின் மரம் தெரிந்தது. மஞ்சள் பூசிய சுவர் தெரிந்தது. மல்லிச் சரத்தின் பின்பக்கம் தெரிந்தது. அப்புறம் வினோதினியின் இடது கன்னம் மேலே வந்தது.

காதுக்குக் கீழே தாடை நெடுக ஊதா நிறம். அதன் விளிம்பில் மஞ்சள். கழுத்தில் வரிவரியாக நான்கு தடம்.

கோகிலாம்பாளின் சிரித்த வாய் மூட மறந்து அப்படியே நின்றது. திரையில் கோளாறோ என்று அடுத்த திரையைப் பார்த்தாள். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. நான்கு விரல். ஐந்து பிள்ளைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கு, அறைந்த கை எப்படிப் பதியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அத்த எடுத்துடுப்பா" என்றார் தணிகைவேல். குரல் அவசரமாக வந்தது.

"கறைதானே? ஒரே இழு." பாக்யராஜ் தலை நிமிராமல் இழுத்தான். ஊதா போயிற்று. மஞ்சள் போயிற்று. நான்கு விரலும் ஒவ்வொன்றாகப் போயின. பளிங்கு மாதிரி ஒரு கன்னம் மூன்று திரைகளிலும் மினுங்கியது.

"சூப்பர். இதயே பில் போட்டுரு" என்றார் தணிகைவேல்.

கோகிலாம்பாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். தன்னைப் போலவே அவரும் ஆடிப்போயிருப்பார் என்று நினைத்துத்தான் பார்த்தாள். அந்த முகத்தில் பதற்றம் இருந்தது, வெட்கம் இருந்தது. அதிர்ச்சி மட்டும் இல்லை.

"இன்னாங்க... உங்களுக்குத் தெரியுமா?"

"வூட்ல போயி பேசிக்கலாம்."

"தெரியுமான்னு கேட்டேன்."

அவர் கடை வாசலைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். "மாசி மகத்துக்கு மறுநாளு நம்ம கடைக்கு வந்து, வூட்டுக்கே இட்டுனு போயிடுப்பான்னு அழுதா. நாந்தான் புத்தி சொல்லி, ஆட்டோ வச்சி அனுப்பிச்சேன். யோசிச்சி சொல்றேன்னு சொல்லிக்கீறேன். கட்டிக்குடுத்து ஒரு வருசம்கூட ஆவல, கோகிலா. இப்ப இட்டுனு வந்து வச்சிகினா கடைத்தெருவுல தல நிமுந்து நடக்க முடியுமா?"

மாசி போய், பங்குனி போய், சித்திரையும் முடியப்போகிறது. அப்பா இன்னாமா சொன்னாரு, அப்பா இன்னாமா சொன்னாரு. அந்தக் கேள்வியைத்தான் பாசம் என்று எண்ணிப் பொறாமைப்பட்டிருக்கிறாள் இவள். அடிப்பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் அம்மா தாங்கமாட்டாள் என்று இந்த மனுஷன்தான் வாயை அடைத்திருப்பார்.

"அப்படியே சேவ் பண்ணிக் குடுத்துடவாண்ணா?" என்றான் பாக்யராஜ், ஒன்றும் புரியாமல்.

கோகிலாம்பாள் மேசைப் பக்கம் வந்தாள். அந்த இரண்டு கட்டைகளையும் தேடிக் கண்டுபிடித்து, சேர்த்து ஒரே ஒரு தரம் அமுக்கினாள்.

ஊதா வந்தது. மஞ்சள் வந்தது. நான்கு விரலும் வந்தன. பிரிண்டர் மை வாங்க வந்திருந்த ஓர் அம்மாள் "ஐயோ" என்றாள். பாக்யராஜ் அப்போதுதான் அது கறையில்லை என்று புரிந்து, மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"இன்னாடி பண்ற, நாலு பேரு பாக்கறாங்க" என்று தணிகைவேல் கட்டைகளை நோக்கிக் கை நீட்டினார். இன்னொரு தரம் அமுக்கினால் கன்னம் பழையபடி இருட்டுக்குள் போய்விடும். கோகிலாம்பாள் இடது உள்ளங்கையைக் கட்டைகளுக்கு மேலே குடையாகப் பிடித்து அவர் கையைத் தடுத்தாள். வலது கையால் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நல்லாருக்கியாமா?" வினோதினியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. பிறகு, கொஞ்சம் தயங்கி: "அப்பா இன்னாமா சொன்னாரு?"

கோகிலாம்பாள் போனைப் புருஷனின் வாய்க்கு நேரே நீட்டினாள். தணிகைவேல் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார். அவருக்கு எதிரே மூன்று வினோதினிகள், முழு முகமும் வெளிச்சத்தில் தெரிய, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.