ஐம்பத்திரண்டு பேர் போன பஸ்

அந்த பஸ்ஸில் ஐம்பத்திரண்டு சீட். 'அன்றைக்குப் போனவர்கள் பேர் கொடுக்கலாம்' என்று மைதானத்து வாசலில் நாங்கள் ஒரு தாள் ஒட்டினோம். ஒரே வாரத்தில் நூற்று முப்பத்தேழு பேர் சேர்ந்துவிட்டது.

"இது பஸ்ஸா, கப்பலா?" என்று கேட்டார் தபால்காரர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர்தான் எங்கள் குழுவுக்குத் தலைவர். எங்கள் கிளப்பின் சரித்திரத்துக்கு ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்று ரசிகர்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கிளம்பியபோது, தலைவர் யார் என்பதில் சண்டை வந்தது. "அன்னிக்கு எனக்கு டியூட்டி. நான் அந்த பஸ்ல போகல" என்று தபால்காரர் ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஊரில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதற்காகவே அவரைத் தலைவராக்கினோம்.

கால்பந்து தெரியாதவர்களுக்கும் இதைச் சொல்லிவிடலாம். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிளப் வெளியூரில் ஓர் அரையிறுதி ஆடியது. இரண்டு கோல் பின்தங்கி, கடைசிக் கால் மணி நேரத்தில் மூன்று கோல் போட்டு ஜெயித்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்ததில்லை. இறுதி ஆட்டத்தில் நாலு வாங்கிக் கட்டிக்கொண்டது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அரையிறுதி அன்றைக்கு விடாத மழை. படம் எடுக்கப் போனவரின் கேமராவுக்குள் தண்ணீர் புகுந்து ஒரு படம்கூடத் தேறவில்லை. பஸ் ஏற்பாடு செய்து பேர்ப் பட்டியல் வைத்திருந்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, பஸ்ஸில் போன ரசிகர்களைத் தவிர அந்த வெற்றிக்கு வேறு சாட்சி இல்லை. பஸ்ஸில் போனவர் என்றால் ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. கேலரியில் நகர்ந்து இடம் விடுவார்கள்.

நானும் பஸ்ஸில் போனவன். அதாவது, அப்படித்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கேலரிக்கு அடியில் பூட்டிக் கிடந்த பழைய டிக்கெட் கவுண்டர் அறை. மேலே யாராவது நடந்தால் தலையில் சுண்ணாம்பு உதிரும். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கடையை மாற்றிக் கட்டியபோது மிஞ்சிய இரண்டு கண்ணாடி அலமாரிகளைக் கொடுத்தேன். ஃபிரேம் தெரிவதற்காகத் தட்டுகள் முன்பக்கம் சரிந்திருக்கும். அதில் பதக்கம் எதை வைத்தாலும் வழுக்கிக் கீழே வந்தது. கடைசியில் ஒவ்வொன்றையும் ஊசி போட்டுத் துணியில் தைத்து நிறுத்தினார் தையல்காரம்மா.

தையல்காரம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். ஜெர்சி தைக்கும் கம்பெனியில் முப்பது வருஷம் முதுகில் எண் வைத்துத் தைத்தவர். பழைய ஜெர்சிகளின் கிழிசலை எல்லாம் அவர்தான் சரி செய்தார். கிழிசலைச் சுத்தமாக மறைக்கக் கூடாது, ஆட்டத்தில் கிழிந்ததும் சரித்திரம்தான் என்று சொல்லி, பிரியாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் தைப்பார். அவர் அதிகம் பேசிக் கேட்டதில்லை. நூற்று முப்பத்தேழு பேரில் கடைசிப் பேர் அவருடையது.

தபால்காரர் ஒரு விதி போட்டார். பதிவுத் தபாலைக் கையெழுத்து வாங்காமல் கொடுத்தே பழக்கமில்லாதவர். "பஸ்ல இருந்தேன்னு ஒருத்தர் சொன்னா, அதைப் பாத்தவங்க ரெண்டு பேர் சொல்லணும். சொல்றவங்க யாரா வேணா இருக்கட்டும், கண்ணால பாத்திருக்கணும்" என்றார். மூன்று மாதம் ஞாயிறுதோறும் விசாரணை நடந்தது. அந்த வருஷம் பிறக்காதவர்கள் இரண்டு பேர் முதல் நாளே கழன்றார்கள். ஒருவர் அதே நாளில் தனக்குக் கல்யாணம் ஆனதை மறந்து பேர் கொடுத்திருந்தார். அவர் மனைவி மறக்கவில்லை.

எனக்கு ஆறு பேர் சாட்சி சொன்னார்கள். ஆறு பேரும் என்னை மூன்று வெவ்வேறு சீட்டில் உட்கார வைத்தார்கள். "இவரு வழி பூரா பாடிட்டே வந்தாரே, காது வலிச்சுப் போச்சு" என்றார் சலூன்காரர். அவர் நிஜமாகவே பஸ்ஸில் போனவர், என் நண்பர், பொய் சொல்லத் தெரியாதவர். நான் சொல்லிச் சொல்லி அவருக்கே அப்படி நினைவில் தங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், பாடியது எனக்கும் ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது.

தையல்காரம்மாவுக்குச் சாட்சி ஒருவர்தான். அதே சலூன்காரர். "கடைசி வரிசைல, மழைக்கோட்டுக்குள்ள, ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு. இவங்கதான்" என்றார். மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பஸ்ஸில் பெண்ணே கிடையாது என்று அடித்துப் பேசியவர்கள் நாலு பேர்.

ஆனால் அவர் பஸ்ஸில் இருந்தார். எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். பஸ்ஸுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அப்போது நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். காலையில் கிளம்பும் நேரத்தில் முதலாளி, "இந்த லென்ஸை ஓரம் தேச்சு ஃபிரேம்ல மாட்டிட்டுப் போ" என்றார். அவசரத்தில் ஒன்றை உடைத்து இன்னொன்றைத் தேய்த்தேன். ஓடி வந்து தெருமுனை திரும்பும்போது பஸ் நகர்ந்துவிட்டது. கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். பின் சீட் ஜன்னலில் ஒரு பெண் ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்து, என்னை நேராகப் பார்த்தாள். பஸ் போய்விட்டது. மழையில் நின்றதில் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் என் குரலைக் கேட்டவர்கள், கத்திக் கத்தித்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். "பஸ்ல போனியா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா" என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் அப்புறம்.

என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை முதலில் என்னிடம் கேட்டதே அந்த ஆட்டத்தைப் பற்றித்தான். அவர் விளம்பரப் பலகை எழுதுபவர், எங்கள் எல்லாரையும்விடப் பெரிய பைத்தியம். "எங்க மாமா பஸ்ல போனவரு" என்பது அவருக்கு ஒரு பட்டம் மாதிரி. அருங்காட்சியகச் சுவரில் அந்த பஸ்ஸை வரைந்து, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பேர் எழுதும் வேலையை அவர் சம்பளம் வாங்காமல் எடுத்துக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருந்த ஞாயிறு காலை, தபால்காரர் இறுதிப் பட்டியலை வாசித்தார். இரண்டு சாட்சி உள்ளவர்கள் சரியாக ஐம்பத்திரண்டு பேர். என் பேர் இருந்தது. தையல்காரம்மா பேர் இல்லை.

"கடைசியா கேக்கறேன். தையல்காரம்மாவுக்கு இன்னும் ஒருத்தர் சாட்சி சொல்ல முடியுமா?"

தேள் கொட்டிய திருடனாக நான் உட்கார்ந்திருந்தேன்.

"பரவால்ல சார்" என்றார் தையல்காரம்மா. மடியில் கோல்கீப்பரின் ஜெர்சி. முந்தின வாரம் தன் மகளை அழைத்து வந்து, பென்சிலில் மட்டும் போட்டிருந்த கடைசி வரிசையைக் காட்டி, "இங்கதான்" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இப்போது அந்த மகளிடம் போய் என்ன சொல்வார்? எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

மாப்பிள்ளை வண்ணத்தைக் கலக்கி முடித்துவிட்டு என்னிடம் வந்தார். "மாமா, உங்க பேர்லயே ஆரம்பிக்கறேன். கொஞ்சம் பெரிசா எழுதட்டுமா?"

"எழுதாதீங்க மாப்பிள்ளை" என்றேன். "நான் அந்த பஸ்ல போகல."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். லென்ஸ், தெருமுனை, பின் ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் சுமந்ததற்கு அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

முதலில் கோபப்பட்டவர் சலூன்காரர். "அப்போ நான் பொய் சாட்சி சொன்னேனா? நீ பாடினது என் காதுல இன்னும் இருக்குய்யா."

"பாடினது வேற யாரோ."

தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க போனீங்கன்னு சொல்ல ஆறு பேர் இருக்காங்க. போகலன்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான். விதிப்படி பாத்தா நீங்க பஸ்லதான் இருந்தீங்க" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. நான் இருந்த இடத்தைப் பற்றி என் பேச்சே செல்லவில்லை.

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இவர் சொல்றது சரி சார். நான் பாத்தேன்."

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினோம்.

"நான் டிக்கெட் வாங்கல. யாராவது வராம போனா ஏறிக்கலாம்னு அண்ணனோட மழைக்கோட்ட மாட்டிக்கிட்டு நின்னேன். ஒருத்தர் வரல, ஏறிக்கன்னாங்க. பஸ் கெளம்பின பிறகு இவர் ஓடி வந்தாரு. வண்டிய நிறுத்தச் சொல்லி நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். இவர் ஏறினா நான் எறங்கணும். அதான் வாயத் தெறக்கல." ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "இவர் பஸ்ல போனதா ஊர்ல பேசினப்பகூட, சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். அவர் சீட்டுதானே அது."

தன் பேர் விடுபட்டபோதும் இந்தப் பெண்மணி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானோ உண்மை தெரிந்தும் அவரை மூன்று மாதம் தவிக்க விட்டேன்.

தபால்காரர் பட்டியலில் ஒரு பேரை அடித்து, ஒரு பேரை எழுதினார். மாப்பிள்ளை என் பக்கம் பார்க்கவில்லை. தூரிகையின் முனையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் போனவன் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி.

"ஏம்மா, அந்த மூணாவது கோல் எப்படி விழுந்துச்சு?"

தையல்காரம்மா கொஞ்சம் யோசித்தார். "நான் பாக்கலண்ணே. முன்னாடி இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சுட்டாங்க. சத்தம்தான் கேட்டுச்சு" என்றார். "ஆனா அந்த மாதிரி ஒரு சத்தம் அப்புறம் நான் கேக்கல."

சலூன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது கோலை அவர் ஆயிரம் தடவை எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசி வரிசை சுவரில் உயரத்தில் இருந்தது. மாப்பிள்ளை ஏணியைச் சாய்த்து, தூரிகையோடு இரண்டு படி ஏறினார். ஏணி ஆடியது. கீழே பார்க்காமலே, "மாமா, கொஞ்சம் பிடிங்க" என்றார்.

நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.