கோலுக்கு முன்னால் ஒரு புடைப்பு

சோதனைக்காரர் சாய்வுப் பலகையிலிருந்து உருட்டிவிட்ட பந்து நீலப் புல்மேல் நேராக ஓடி, கோலுக்குப் பத்தடி முன்னால் தவளை மாதிரித் துள்ளியது. இன்னொன்றை உருட்டினார். அதுவும் துள்ளியது. மண்டியிட்டு விரலால் தடவினார். செயற்கைப் புல்லின் இரண்டு விரிப்புகள் சேரும் இடம், தையல் போட்ட காயம் போல நீளமாகப் புடைத்திருந்தது. நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி உருட்டுவதாகவும், அப்போதும் துள்ளினால் போட்டி வேறு மைதானத்துக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நாளை மறுநாள் ஆண்கள் ஹாக்கி உலகப் போட்டி தொடக்கம். பதினாறு நாட்டு அணிகள் வந்து இறங்கியாயிற்று. ஹாக்கிச் சங்கத் தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. செயலாளர் பக்கம் திரும்பி, "யார்யா ஒட்டினது?" என்றார்.

ஒட்டியவனை எல்லோரும் 'ஒட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாக முட்டிபோட்டு, மைதானம் மைதானமாக இணைப்பு ஒட்டுகிறவன். அதற்கு முன் கல் சுமந்தவன். அவன் ஒட்டிய பசை பன்னிரண்டு மணி நேரம் காய வேண்டும். அதற்குள் தண்ணீர் பட்டால் பால் மாதிரிப் பொங்கும், பொங்கியபடியே இறுகும். முந்தின நாள் காலையில் கடைசி இணைப்பை முடித்துவிட்டு, இதைச் செயலாளரிடம் இரண்டு தடவை சொன்னான். செயலாளர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவது அவருக்குப் பழக்கம். காது கேட்பது வேறு விஷயம்.

அன்று மதியமே தலைவர் டிவிக்காரர்களோடு வந்தார். தோல் செருப்பைக் கழற்றாமல் புல்லின் நடுவில் போய் நின்றார். ஹாக்கி மட்டையைப் பல்லி அடிக்கத் துடைப்பம் பிடிப்பது போலப் பிடித்தார். காமிராக்காரன், நனைந்தால் நீலம் எடுப்பாகத் தெரியும் என்றான். அவ்வளவுதான். நான்கு மூலையிலும் பீய்ச்சுகுழாய்களைத் திறந்துவிட்டார்கள். ஒட்டு கத்திக்கொண்டே ஓடி வந்தான். செயலாளர் அவன் மார்பில் கை வைத்து, "படத்துல விழுவ, ஓரமாப் போ" என்றார்.

இப்போது அதே செயலாளர் ஒட்டிடம் ஒரு காகிதத்தோடு வந்தார். 'பசைக் கலவையில் தவறு செய்தது நான்தான்' என்று அதில் தட்டச்சு செய்திருந்தது.

"கையெழுத்தப் போட்டுட்டு உள்ள போய் வேலையப் பாரு."

"எனக்கு எதுக்கு சார் இது? பொங்கினது தண்ணியால."

"தண்ணி விட்டதுக்கு சாட்சி இருக்கா?"

"டிவியில காட்டினாங்களே. ஊரே பாத்துச்சு."

செயலாளர் காகிதத்தை இன்னும் கிட்ட நீட்டினார். "மேல சமாதானம் சொல்லணும். வெறும் காகிதம்தான்யா."

"வெறும் காகிதம்னா நீங்களே போடுங்க."

ஒட்டு வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். அவனோடு வேலை செய்யும் மச்சினனும் உட்கார்ந்தான். மனைவியின் தம்பி, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பயந்தவன்.

"மாமா, போட்டுத் தொலைங்களேன். என்ன கொறஞ்சு போச்சு?"

"போட்டா அப்புறம் எவன் என் கையில பசை வாளியக் குடுப்பான்? கல்லு தூக்கத்தான் போகணும். உன் முதுகக் கடன் குடுப்பியா மாப்ள?"

பழையதை அறுத்து, சுரண்டி, புதிதாக ஒட்ட நான்கு மணி நேரம். காயப் பன்னிரண்டு. மதியம் இரண்டு மணிக்குள் கத்தி வைக்காவிட்டால் காலை ஆறுக்குக் காயாது. இந்தக் கணக்கை ஒட்டு யாருக்கும் சொல்லவில்லை. உள்ளே மைதானப் பொறியாளர் போட்டுப் பார்த்திருப்பார்.

பதினோரு மணிக்குப் பொறியாளர் வந்து தோளில் கை போட்டார். ஒட்டு தோளைக் குலுக்கிக் கையை விழவைத்தான். பன்னிரண்டு மணிக்கு, வேறு பசைக்காரன் வருகிறான் என்று ஆள் அனுப்பி மிரட்டினார்கள். "வரட்டும், நானும் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றான். இருப்பதிலேயே கிட்ட இருந்த பசைக்காரனே ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்தான். ஒன்றரைக்குச் செயலாளர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். வெயிலில் அவருக்கு மூக்கு ஒழுகியது.

"சரி, காகிதம் வேணாம். எழுந்திரு."

"கிழிங்க."

"என்னய்யா, நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

நான்காகக் கிழித்தார். ஒட்டு துண்டுகளை வாங்கி எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். கத்தி வைத்தபோது இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மச்சினன் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுச் சுரண்டினான்.

"அடுத்த மைதானத்துக்கு நம்மளக் கூப்பிட மாட்டாங்க மாமா."

"இவனுங்க கூப்பிட மாட்டானுங்க. மத்தவன் கூப்பிடுறப்ப சொல்ற மாதிரி ஒரு பேரு இருக்கு. அந்த ஓரத்த ஒழுங்காச் சுரண்டு."

ஐந்தே முக்காலுக்கு இணைப்பின் கடைசி ஓரடியை உருளையால் அழுத்திக்கொண்டிருந்தபோது தலைவர் மறுபடி டிவிக்காரர்களோடு வந்தார். இரவு பகலாகத் தானே முன்னின்று கவனிப்பதாகப் பேட்டி கொடுக்கத் தொடங்கினார். பேச்சை நிறுத்திக் கையை ஆட்டினார்.

"ஏய், அந்த வாளிய எடு. படத்துல அசிங்கமாத் தெரியுது."

ஒட்டு உருளையை நிறுத்தவில்லை. தலைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தானே குனிந்து வாளியைத் தூக்கினார். பசை விரல்களில் ஒட்டிக்கொண்டது.

"இது எதுல போகும்?"

"தண்ணி படாமப் பாத்துக்குங்க சார்" என்றான் ஒட்டு.