தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

எங்கள் தையல் ஆலையில் நாற்பத்திரண்டு மெஷின்கள். எது நின்றாலும் ஓட வைப்பது என் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். மூன்று மாதக் கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியதிலிருந்து, மெஷின்களை விட என் உடம்புதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. காலை பத்து மணிக்கு மார்பு கல்லாகிவிடும். கழிப்பறைக்கு ஓடி, கை கழுவும் தொட்டியில் பீய்ச்சிவிட்டு வருவேன். என் மகளுக்கு உரியது சாக்கடைக்குப் போகும். அழுகையை விடக் கோபம்தான் வரும். இப்படியே போனால் பால் வற்றிவிடும் என்று நர்ஸ் வேறு எச்சரித்திருந்தார்.

நூல் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு, காலி அட்டைப்பெட்டிகளுக்கென்று. “அத எனக்குக் குடுங்க சார். நாத்தனார் பத்து மணிக்குக் குழந்தையத் தூக்கிட்டு வருவாங்க. பதினஞ்சே நிமிஷம்” என்று மேனேஜரிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் “பாக்கலாம்மா” என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அப்புறம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தாய்ப்பால் வார விழா கொண்டாட வேண்டுமாம், முதலாளியான பெரிய அம்மாவே நேரில் வருகிறாராம். ஒரே நாளில் பெட்டிகள் வெளியேறின. சுவருக்கு ரோஸ் வண்ணம், இரண்டு மெத்தை நாற்காலி, கதவில் ‘தாய்மார் அறை’ என்று பலகை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“நீதான்மா மேடையில பேசணும். குழந்தையக் கொண்டு வரச் சொல்லு. ரெண்டு வார்த்தை நன்றி, போதும்.”

நான் கதவைத்தான் பார்த்தேன். கிடங்கு அறை என்பதால் தாழ்ப்பாள் வெளியே இருந்தது. உள்ளே ஒரு கொக்கி கூட இல்லை.

“உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லையே சார்?”

“எதுக்கும்மா? நாளைக்குப் பெட்டியெல்லாம் திரும்ப வரணுமே” என்றவர், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் பட்டன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டன் மெஷினில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் என்பதால் அந்தப் பெயர். அவர் கதவைப் பிடித்துக்கொள்ள, ஆறு திருகாணிகளைக் கழற்றி, தாழ்ப்பாளை உள்பக்கம் மாட்டினேன். நாலு தடவை போட்டுத் திறந்து பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

“வேலை போயிடப் போகுதுடி” என்றார் அக்கா.

“போனா போகட்டும்க்கா. இங்க இருந்துகிட்டே பால் போறத விட அது மேல்.”

மூன்று மணிக்கு விழா. பலூன், மாலை, மைக். மேனேஜர் தாய்ப்பாலின் மகத்துவத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் நாத்தனார் மடியிலிருந்த என் மகள் வீறிட்டாள். குழந்தையை வெளியே கொண்டு போகும்படி அவர் கையை ஆட்டினார். மகத்துவம் தடைபடுகிறது அல்லவா! அடுத்து சிறந்த தாய் என்று எனக்குப் பரிசு கொடுத்தார்கள். ரிப்பன் கட்டிய கூடையைப் பிரித்தால் உள்ளே பால்பவுடர் டப்பா. வாங்கியவர் கடையில் ‘குழந்தைக்கு ஏதாவது’ என்று மட்டும் கேட்டிருப்பார் போல. முதலில் சிரித்தது பட்டன் அக்காதான். பிறகு மொத்தக் கூடமும் சிரித்தது.

நான் டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

“நன்றி சொல்லச் சொன்னாங்க. சொல்றேன். ஆனா அந்த ரூம் இன்னிக்கு ஒரு நாளைக்கா, தினமுமான்னு மொதல்ல தெரியணும். தினமும்னா, நாளைக்குப் பத்து மணிக்கு என் பொண்ணு வருவா. வாட்ச்மேன் அண்ணே, கேட்டுச்சா?”

பெரிய அம்மா கை தட்டினார். “தினமும்தானே, மேனேஜர்?” என்று மேடையிலேயே கேட்டார். மேனேஜர் தலையாட்டினார். விருப்பத்தோடு ஆட்டவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. நான் நன்றி சொல்லாமலே இறங்கி, மகளை வாங்கிக்கொண்டு நேராக அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

மறுநாள் பத்து மணி. வாட்ச்மேன் வாசல் கேட்டைத் திறந்தே வைத்திருந்தார். மகள் குடித்துக்கொண்டிருந்தபோது வெளியே தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தள்ளினார்கள். திறக்கவில்லை. இன்னொரு தடவை தள்ளினார்கள். பிறகு, ஐந்து வருஷத்தில் முதல் முறையாக, எங்கள் மேனேஜர் ஒரு கதவைத் தட்டினார்.

“யாரு?” என்றேன், தெரிந்தேதான்.

“நான்தாம்மா. பெட்டியெல்லாம் வந்திருக்கு. பெரிய அம்மா நேத்தே ஊருக்குக் கிளம்பிட்டாங்க, தெரியும்ல? இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?”

“என்னக் கேட்டா எப்படி சார்? குடிக்கிறவ சொல்லணும்.”

“இதெல்லாம் நான் எங்கம்மா வைக்கிறது?”

“உங்க ரூம் பெருசுதானே சார்” என்றது பட்டன் அக்காவின் குரல், அவருக்குப் பின்னாலிருந்து. கூட நாலைந்து பேர் சிரித்தார்கள். மெஷின்களை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள் போல.

பிறகு தள்ளுவண்டி வந்த வழியே திரும்பிப் போனது. இடது சக்கரம் கிறீச்சிட்டது. நான் மகளை அடுத்த மார்புக்கு மாற்றினேன்.