பொன்ராஜின் ஊர்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத் தொடங்கியது. ஒரு நூலக ஆண்டு மலருக்குக் கேரளத்தின் வரலாறும் நிலவியலும் பற்றி நான்கு பக்கம் கேட்டார்கள். முதல் வரி:

'மேற்கே கடலும் கிழக்கே மலையும் எல்லையாக அமைந்த இம்மாநிலம் 1956இல்—'

வேண்டாம். மலையை எல்லை என்று எழுதுகிறவன் மலையில் குடியிருக்கவில்லை. தேயிலை எஸ்டேட்டுகள் உள்ள சின்னக்கானல் பக்கம் மலைதான் ஊர்.

2

வேறு தொடக்கம். மதலேனம்மாள் எஸ்டேட்டில் கொழுந்தெடுப்பவள். கணவர் பொன்ராஜ் இறந்துவிட்டார். மகள் ஜிஸ்மிக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. இந்த மாநிலத்துக்காரி என்று சான்றிதழ் வந்தால்தான் அது நிற்கும். விசாரணைக்கு வந்த ஆபீசரை ஜிஸ்மி நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அப்பா இங்கேயே பிறந்து இங்கேயே புதைந்தவர் என்பதற்கு வேறென்ன சாட்சி? ஆபீசருக்குத் தமிழ் வாசிக்க வராது. கல்லில் வெட்டியிருந்ததை அவளே வாசித்துக் காட்டினாள்: "பொன்ராஜ், சுரண்டை."

"அப்போ சொந்த நாடு சுரண்டையாணோ?" என்று கேட்டுவிட்டுச் சான்றிதழை நிறுத்திவைத்தார்.

(எஸ்டேட் கல்லறைகளில் பெயரோடு ஊரையும் வெட்டுவார்கள். அது பொன்ராஜின் தாத்தா தமிழ்நாட்டில் விட்டுவந்த ஊர். பேரன் சுரண்டையைப் பார்த்ததே இல்லை. தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு சேர்ந்தபின் பிறந்தவர். என்னிடம் கேட்ட நான்கு பக்கமும் இந்த அடைப்புக்குறிக்குள் முடிந்துவிட்டது.)

3

மதலேனம்மாளை ஒரு பத்தி முழுக்க அழவைத்தேன். பிறகு அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அதற்குள் அவள் உளி இரவல் வாங்கி வந்திருந்தாள்.

அந்தக் கல்லை வெட்டக் கொடுத்தவர் பொன்ராஜின் தம்பி சுவக்கீன். அவர் மறித்தார்.

"மைனி, ஊர அழிச்சா அண்ணன அனாதப் பொணம்னு நெனப்பாங்க."

"யாரு அழிக்கா? கீழ 'பிறந்தது இந்த எஸ்டேட்'னு ஒரு வரி வெட்டப் போறேன்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு ஊரா?"

"ஒங்களுக்கு ரெண்டு ரேஷன் கார்டு இருந்துச்சே கொழுந்தனாரே, நாங்க கேட்டமா?"

சுவக்கீன் வழியைவிட்டு விலகினார். ஜிஸ்மி விலகவில்லை.

"இப்ப வெட்டுனா சீட்டுக்காகத் திருத்துனதுன்னு சொல்வாங்கம்மா. இருக்கறதும் போயிரும்."

"சொல்லட்டும். அந்த ஆபீசரக் கூப்டு. அவரு கண்ணு முன்னாலதான் வெட்டுவேன். ஒளிச்சு வெட்டுனாத்தான் கள்ளம்."

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஆபீசர் நெகிழ்ந்து கையெழுத்துப் போடுகிறார். அப்படி நெகிழ்கிற ஆபீசரை நான் பார்த்ததில்லை. மற்றதில் சீட்டு போய், ஜிஸ்மி கொழுந்துக்கூடையைத் தூக்குகிறாள். அது சோகம் கேட்கும் வாசகர்களுக்காக எழுதியது. அவள் தூக்கமாட்டாள்.

'அப்போது மலைச்சரிவில் மூடுபனி மெல்ல—'

இல்லை. ஜீப் வந்தது, அவ்வளவுதான். ஆபீசர் இறங்கி வந்தார். மதலேனம்மாள் கல்லின் முன் குந்தி, 'சுரண்டை'க்குக் கீழே உளியை வைத்து, தலை நிமிராமல் கேட்டாள்:

"சார், மலையாளத்துல வெட்டவா, தமிழ்லயா? மக எழுதித் தருவா. ரெண்டுலயும் வெட்டுனாலும் எடம் இருக்கு."

அவருடைய பதிலை நீங்கள் எழுதுங்கள். சுத்தியல் அவள் கையில் இருக்கிறது, பார்த்து எழுதுங்கள்.