கூண்டுக்குள் குடிவந்தவர்கள்

ஊருக்கெல்லாம் அவன் ஃபாதர், எனக்குத் தம்பி. பூசையில் நானும் மரியாதையாகத் தலைகுனிவேன். வீட்டுக்கு வந்து காலுறைகளைக் கழற்றி மூலைக்கொன்றாக எறிந்தானென்றால் அந்த மரியாதை அதோடு சரி.

கோயிலைச் சுத்தமாக வைத்திருப்பது என் பொறுப்பு. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மரச்சாமான்களுக்கு மெருகேற்றுவேன். பீடத்தில் எரிந்து மிஞ்சிய தேன்மெழுகுத் திரித் துண்டுகளை உருக்கி, எண்ணெய் கலந்து, துணியில் தொட்டுத் தேய்த்தால் மரம் மின்னும். இந்த முறை, சனங்கள் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குக் கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டேன். வாசனை போகட்டும் என்று பக்கத்து ஜன்னலையும் திறந்து வைத்தேன். குளிர் விட்டு, முதல் வெயில் உறைத்த நாள் அது.

மறுநாள் கூண்டுக்குள் உட்காரப் போன தம்பி, அங்கி பறக்க வெளியே ஓடி வந்தான்.

"அக்கா! உள்ள தேனீ!"

எட்டிப் பார்த்தேன். அவன் நாற்காலிக்கு மேலே, கூரைப் பலகையில், பூசணிக்காய் அளவுக்கு ஒரு கொத்து, ஒரே ரீங்காரம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கம்பக்கத்து நிலங்களில் அடித்த மருந்தில் இங்கே தேனீக்கள் பூண்டோடு ஒழிந்திருந்தன. கோயில் தோட்டத்துப் பேரி மரங்கள் போன வசந்தத்தில் பூத்துக் கொட்டியும் ஒரு காய் பிடிக்கவில்லை. அவ்வளவு பூவும் வீணாக உதிர்வதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

தம்பிக்கோ சின்ன வயதில் உதட்டில் கொட்டு வாங்கியதிலிருந்து தேனீ என்றாலே குலைநடுக்கம்.

"மருந்து அடிக்கிறவருக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வர்றாராம். சனங்க பாவசங்கீர்த்தனத்துக்கு வரணுமில்ல?"

நான் பேசவில்லை. சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின.

சாயங்காலம் அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாஸ்கா புகழுரையைப் பாடிப் பழக ஆரம்பித்தான். ஈஸ்டருக்கு முந்தைய இரவு, திருவிழிப்புப் பூசையில் புது மெழுகுத்திரியை ஏற்றியதும் பாடுகிற நீளமான பாட்டு அது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் குழம்போடு சேர்ந்து அதுவும் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் ஓரிடத்தில், திரிக்கு மெழுகு தந்த தேனீக்களின் உழைப்பைச் சொல்லி இறைவனைப் புகழ வேண்டும். அந்த இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. முதலிலிருந்து எடுத்தான். மறுபடியும் அங்கேயே நின்றான்.

"பாடேன்டா" என்றேன். "நல்லாத்தானே போச்சு."

"நீ சும்மா இரு அக்கா."

"நான் என்னடா சொன்னேன்?"

"அதான்! நீ ஒண்ணும் சொல்லாம இருக்கிறதத்தான் தாங்க முடியல."

எழுந்து போய்த் தொலைபேசியில் மருந்துக்காரரை வர வேண்டாம் என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டான். "தேனீயை உசிரோட பிடிக்கிறவங்க யாராவது இருக்காங்களாக்கா?"

இருந்தார். எங்கள் தெரு வழியாகப் பேருந்து ஓட்டுகிறவர், ஓய்வு நேரத்தில் தேனீ வளர்ப்பவர். மறுநாள் பெட்டியோடு வந்தார். கூண்டுக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாருங்க இதுல தேன்மெழுகு பூசினது? அந்த வாசனைன்னா அதுங்களுக்கு உசிரு. பத்திரிகை அடிச்சுக் கூப்பிட்ட மாதிரில்ல இருக்கு!"

தம்பி என்னைப் பார்த்தான். நான் கோயில் கூரையைப் பார்த்தேன்.

"பெட்டியில இறக்கிடலாம். ஆனா ஒருத்தர் அசையாம பிடிச்சுக்கணும்."

நான் கையை நீட்டுவதற்குள் தம்பி முன்னால் வந்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. பெட்டியைத் தூக்கிப் பிடித்து, கண்ணை இறுக மூடி, வாய்க்குள் ஜெபத்தை முணுமுணுத்தான். ஓட்டுநர் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கொத்து தொப்பென்று பெட்டிக்குள் விழுந்தது. ஒரு தேனீ மட்டும் அவன் உதட்டில் உட்கார்ந்தது. அவன் அசையவில்லை. அது கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"அக்கா, கூசுது" என்றான், கண்ணைத் திறக்காமல்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பெட்டியைப் பேரி மரத்தடியில் வைத்தோம். அந்த ஈஸ்டருக்குத் தம்பி அந்த வரியில் நிற்கவில்லை. குரல் ஜன்னல்களை அதிரவைத்தது. கோடையில் பிஞ்சு பிடித்தது. இலையுதிர்காலத்தில் பழத்தின் பாரம் தாங்காமல் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்தோம். பூசைக்கு வந்த எல்லோரும் மடி நிறையப் பழம் கொண்டுபோனார்கள்.

அப்புறம் குளிர் வந்தது. பெட்டி அடங்கிப்போயிற்று. "குளிரைத் தாங்கிட்டாத்தான் உண்டு" என்று ஓட்டுநர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தினமும் பூசை முடிந்ததும் தம்பி தோட்டத்துக்குப் போய்ப் பெட்டியில் காதை வைத்துக் கேட்பான். தேனீக்குப் பயந்தவனா இவன் என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இருக்காங்களாடா?"

"சத்தமில்லாம ஜெபம் பண்றாங்க போல" என்பான். ஆனால் முகத்தில் பயம் இருக்கும். எனக்கும் இருந்தது.

தவக்காலம் வந்தது. குழம்போடு பாட்டும் கொதிக்க ஆரம்பித்தது. ஒருநாள் காலை முதல் வெயில் உறைத்தது. நான் அடுப்படியில் நின்றிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு, அங்கி பறக்க, தம்பி ஓடி வந்தான்.

"அக்கா! வெளிய தேனீ!"

அடுப்பை அணைக்க மறந்து நானும் ஓடினேன்.